எட்டாம் பாரம்

எனக்கு முதலில் துரோகம் செய்தது சுபத்ரா வேதமூர்த்தி. ஆமாம் டீச்சர், உங்கள் மடியில் இருக்கிற அந்தப் புத்தகத்தை எழுதியவர்தான். அட்டையில் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள். அவருக்குப் பிறகு வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், எங்கள் முதலாளி அண்ணாச்சி உட்பட. ஆனால் முதல் இடம் அந்த அம்மாவுக்குத்தான். அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் டீச்சர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? சிவகாசியில் ஏறியதும் பின்சீட்டுப் பிள்ளைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள். சத்தம் நின்றுவிட்டது. போலீஸ்காரனுக்குக்கூட அந்தப் பார்வை வராது.

நகர வேண்டாம், தாராளமாக உட்காருங்கள். இந்தப் பக்கத்துக் கை இடிக்காது. மணிக்கட்டோடு போய்விட்டது. கண்டக்டர் கூட இப்போது சொன்னான் இல்லையா, "அண்ணே, மாற்றுத்திறனாளி சீட்டு முன்னால காலியா இருக்கு" என்று. உட்காருவதற்கு எனக்குக் கை எதற்கப்பா என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் போய்விட்டான். எல்லோருக்கும் அந்தச் சந்தேகம்தான். நானே ஜோக் சொன்னாலும் என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டுவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

புத்தகத்தைப் படித்துவிட்டீர்களா? பாதியா? பரவாயில்லை. அதில் ஹால்வர் என்று ஒருத்தன் வருகிறானே, ஓநாய் வாயில் கையை விட்டவன், அது நான்தான்.

சிரிக்காதீர்கள் டீச்சர். அனுமதி கொடுக்கவில்லை.

நான் பைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பெயர் வெயிலுமுத்து. அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் உங்களைவிட அதிகப் புத்தகம் படித்திருப்பேன். பந்தயம் வேண்டுமானாலும் கட்டுவேன். முழுதாகப் படித்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். எங்களிடம் புத்தகம் முழுதாக வராது. பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். ஒன்றாம் பாரம், இரண்டாம் பாரம் என்று கட்டுக்கட்டாக அச்சாபீஸிலிருந்து வரும். எதில் மை முதலில் காய்கிறதோ அது முதலில் வரும். நான் எத்தனையோ கதைகளில் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பொண்ணு யார் என்று தெரிந்துகொண்டிருக்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் கட்டிங் மிஷினில் இருந்தேன். அந்த மிஷினில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். எதற்கென்றால், கை இரண்டும் பொத்தானில் இருந்தால் கத்திக்குக் கீழே இருக்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி ஓட்ட மாட்டார்கள். ஒரு பொத்தானில் அட்டையை நாலாக மடித்துச் செருகிவிடுவோம். அது அமுங்கியே இருக்கும். ஒரு கை சும்மா இருக்கும், தாளைத் தள்ளிக்கொடுக்கலாம், வேலை ஓடும். அண்ணாச்சி வாயைத் திறந்து செருகு என்று சொன்னதில்லை. செருகியதைப் பார்த்துவிட்டு, "என்ன வெயிலு, இன்னிக்கு வேகமா போகுதே" என்பார். அவ்வளவுதான். போய்விட்டது.

அதற்குப் பிறகு என்னை மேஜைக்கு மாற்றினார்கள். பாரங்களைப் பிரித்து வரிசையாக வைத்துக் கொடுப்பது என் வேலை. பெண்கள் மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார்கள்.

போன வருஷம் ஆடியில் இந்த அம்மா வந்தார். சென்னையிலிருந்து, அட்டையில் கலர் சரியாக வருகிறதா என்று பார்க்க. பட்டறைக்குள்ளும் வந்தார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் என் கையை முதலில் பார்ப்பார்கள், பிறகு பார்க்காத மாதிரி மிஷினைப் பார்ப்பார்கள். இவர் அப்படி இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். நேராக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கை எப்படிண்ணா போச்சு?" என்றார்.

நானும் சொன்னேன். "மிஷினை நம்பினேன். கடிச்சிருச்சு."

அந்த அம்மா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். நார்வே, ஐஸ்லாந்து என்று வடக்கே எங்கேயோ பனி பெய்கிற தேசங்களாம். அவர்களுக்கும் நம்மைப் போலச் சாமிகள், புராணம். அங்கே ஒரு ஓநாய். நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகிறது. சாமிகளுக்குப் பயம். பட்டு நாடா மாதிரி ஒரு மாயக் கயிறு செய்து, "சும்மா விளையாட்டுக்குக் கட்டுறோம், அவுத்துவிட்டுருவோம்" என்கிறார்கள். ஓநாய் என்ன முட்டாளா? "உங்கள்ல ஒருத்தன் எம் வாயில கையை வைக்கட்டும், அப்பக் கட்டிக்கோங்க" என்கிறது. எல்லாச் சாமியும் மேலே பார்க்கிறது, கீழே பார்க்கிறது. ஒரே ஒருத்தன் போய் வலது கையை வைக்கிறான். கட்டிவிட்டார்கள். ஓநாய் இழுத்துப் பார்க்கிறது, அவிழவில்லை, வாயில் இருந்த கையைக் கடித்துவிடுகிறது. சாமிகள் எல்லாம் சிரிக்கின்றன. கை போனவன் மட்டும் சிரிக்கவில்லை.

டீச்சர், என் கை போன அன்று பட்டறையில் யாரும் சிரிக்கவில்லைதான். ஆனால் மறுநாள் மிஷின் ஓடியது. பொத்தானில் வேறு அட்டை.

"அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலைண்ணா. இடது கையாலயே வாள் பிடிச்சான். கடைசிச் சண்டை வரைக்கும் அப்படித்தான்."

"கை முளைக்கலையா?"

"இல்லை. அங்கே பெரிய சாமிக்கே ஒரு கண்தான். அறிவு வேணும்னு இன்னொரு கண்ணை விலையாக் குடுத்துட்டாரு. அதுவும் திரும்பி வரலை."

எனக்கு அந்தத் தேசம் பிடித்துவிட்டது. போனது போனதுதான் என்று விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற சாமிகள். நம் ஊரில் என்னைப் பார்க்கிறவன் எல்லாம் எந்தக் கோவிலுக்குப் போனால் சரியாகும் என்று சொல்லுவான். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை, எது சரியாகும்?

இரண்டு மணி நேரம் பேசினோம். சட்டைப் பொத்தான் எப்படிப் போடுகிறேன், சோறு எப்படிப் பிசைகிறேன், இடது கைக்கு எழுத்து எப்படி வந்தது, எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பல்லால் கயிற்றைப் பிடித்து இடது கையால் முடிச்சுப் போடுவதைச் செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். "இதையெல்லாம் குழந்தைகளுக்கான கதையில வைக்கப் போறேன்ணா" என்றார். வையுங்கள் என்றேன். எனக்கு அப்போது புத்தி எங்கே போயிற்று?

ஐப்பசியில் புத்தகம் எங்களிடமே பைண்டிங்குக்கு வந்தது. மொத்தம் எட்டுப் பாரம். என் கெட்ட நேரம், எட்டாம் பாரம்தான் முதலில் வந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். குள்ள மனிதர்கள் பூமிக்கு அடியில் உலை வைத்து ஹால்வருக்கு ஒரு வெள்ளிக் கை செய்கிறார்கள். அதை மாட்டுகிறார்கள். மந்திரம் போடுகிறார்கள். வெள்ளி சதையாகிறது. விரல் அசைகிறது. எல்லாச் சாமிகளும் கொண்டாடுகின்றன. அப்புறம் ஒரு வரி. அதை நான் மறக்க மாட்டேன். "ஹால்வர் தன் இரண்டு கைகளையும் தட்டி, பல வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான். அன்று அவன் முழு மனிதனானான்."

அப்படியானால் இந்தப் பதினோரு வருஷமாக நான் என்ன மனிதன்? முக்கால் மனிதனா? நான் சிரிக்கவே இல்லையா? அந்த அம்மா முன்னாலேயே நாலு தடவை சிரித்தேனே, அவரும் சேர்ந்து சிரித்தாரே. அதையெல்லாம் குறித்துக்கொள்ளவில்லையா?

பாரத்தின் கடைசிப் பக்கத்தில் நன்றி போட்டிருந்தார். பதிப்பாளருக்குப் பெயர், படம் போட்டவருக்குப் பெயர், பிழை திருத்தியவருக்குப் பெயர். கடைசியில், "சிவகாசியில் சந்தித்த, கையை இழந்த ஒரு சகோதரருக்கு." எனக்குப் பெயர் கிடையாது. இல்லாத கைதான் என் விலாசம்.

மற்ற பாரங்களும் ஒவ்வொன்றாக வந்தன, அவற்றையும் படித்தேன். வேலைச் சீட்டில் அவருடைய நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். "அம்மா, வெயிலுமுத்து பேசுறேன். சிவகாசி பைண்டிங்" என்றேன். ஞாபகம் இருந்தது. ரொம்பச் சந்தோஷம் என்றார். நான் சந்தோஷத்துக்குக் கூப்பிடவில்லை.

"கையை எதுக்கும்மா முளைக்க வச்சீங்க?"

அவர் சொன்னார்: "குழந்தைங்க படிக்கிறதுண்ணா. சோகமா முடிக்க வேண்டாம்னு..."

"எங்கேம்மா சோகம்? அவன் கயிறு கட்டுறான், படகு ஓட்டுறான், ஓநாய்கூடச் சண்டை போடுறான். இதுல சோகம் எங்க இருக்கு?"

"உங்க வலி எனக்குப் புரியுது."

"எனக்கு வலிக்கலையே."

"இது கற்பனைக் கதைதானே அண்ணா. குழந்தைங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும் இல்லையா?"

என்ன நம்பிக்கை? அந்தத் தேசத்துக்காரர்களே ஆயிரம் வருஷமாக அப்படியே விட்டுவைத்திருக்கிற கையை இந்த அம்மா எதற்கு ஒட்டவைக்க வேண்டும்? கற்பனை என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் இல்லையா? குதிரைக்கு எட்டுக் கால் வைத்திருக்கிறார், யாரும் நான்காகக் குறைக்கவில்லை. கடலுக்குள் உலகத்தையே சுற்றிப் பாம்பு படுத்திருக்கிறது, அதை யாரும் சரிசெய்யவில்லை. அந்த உலகம் முழுக்க எது எப்படி இருந்தாலும் சரி. ஒரு கை இல்லாதவன் மட்டும் கடைசிப் பக்கத்துக்குள் குணமாகிவிட வேண்டும். நான் பேசாததை எல்லாம் என் வாயில் வைத்து, நான் கேட்காத கையை என்னிடம் ஒட்டிவிட்டு, நம்பிக்கையாம். ஒரு மனுஷன் சார்பாக இன்னொருத்தர் பேச யார் அதிகாரம் கொடுத்தது? அதைத்தான் கேட்டேன். "அச்சாயிடுச்சேண்ணா, இனிமே மாத்த முடியாது" என்றார்.

மாற்ற முடியாதா? புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. பாரம் என் கையில் இருக்கிறது.

ஏழாம் பாரம்தான் கடைசியாக வந்தது. ஏழாம் பாரத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. பனிக்கட்டி மேல் ஹால்வர் நிற்கிறான். கயிற்றைப் பல்லில் கவ்வி, இடது கையால் முடிச்சை இறுக்குகிறான். கடைசி வரி: "ஓநாய் அவனைப் பார்த்தது. அவன் ஓநாயைப் பார்த்தான்." முற்றுப்புள்ளி. பக்கமும் முடிந்தது, பாரமும் முடிந்தது. அந்த அம்மாவுக்கே தெரியாமல் கதை அங்கே சரியாக முடிந்து கிடந்தது.

மொத்தம் ஆயிரம் பிரதி. எட்டாம் பாரத்தில் இரண்டு கட்டுகளை எடுத்தேன், முந்நூறு பிரதிக்கு உரியது. கழிவுத் தாள் மூட்டைக்குள் அடியில் வைத்து மேலே வெட்டுத்துண்டுகளை அள்ளிப் போட்டேன். சாயங்காலம் வண்டி வந்து மூட்டையை எடுத்துப்போனது. அவ்வளவுதான். ஆயிரத்திலும் எடுத்திருப்பேன், மூட்டையில் இடமில்லை.

கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. எங்கள் பட்டறையில் குருவம்மாள் என்று ஒருத்தி. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. ஆனால் கண் இருக்கிறதே, கழுகுக் கண். அதனால் அண்ணாச்சி அவளைச் சரிபார்க்கிற வேலையில் வைத்திருந்தார். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு அச்சடித்திருப்பார்கள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கீழே. பாரங்களை ஒழுங்காக அடுக்கினால் முதுகில் படிக்கட்டு இறங்குகிற மாதிரி இருக்கும். ஒரு படி குறைந்தால் குருவம்மாள் அரை நொடியில் பிடித்துவிடுவாள்.

பிடித்தாள். ஒரு அடுக்கைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ஏழு விரலைக் காட்டினாள். எட்டாவது எங்கே என்று புருவத்தைத் தூக்கினாள்.

பட்டறையில் அவளோடு பேசத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இரண்டு விரலால் மீசையை முறுக்கினால் அண்ணாச்சி. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் போதும், விட்டுவிடு. நான் மீசையை முறுக்கினேன், கையை அமுக்கினேன். இவ்வளவு போதும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார் என்று அதற்கு அர்த்தம். அவள் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். வேறு யார் சொன்னாலும் இரண்டு தடவை திருப்பிக் கேட்பாள், என்னிடம் கேட்க மாட்டாள்.

புத்தகம் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத்தான் வெடித்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஹால்வர் அப்படியே இருந்தது பிடித்திருக்கிறது என்று. காலில் இரும்புப் பட்டை போட்ட ஒரு பிள்ளை, "கதையில எப்பவும் எங்களை நடக்க வச்சிருவாங்க, நீங்க வைக்கலை" என்று எழுதியிருந்ததாம். அந்த அம்மா குழம்பிப்போய்ப் பதிப்பாளரைக் கேட்க, பதிப்பாளர் பிரதியைப் பிரித்துப் பார்க்க, அண்ணாச்சிக்குப் போன் வந்தது.

அண்ணாச்சி குதித்தார். "எவன்லே சரிபார்த்தது? முந்நூறு புஸ்தகம்! எங்கண்ணுல மண்ணத் தூவிட்டீங்களே!" சரிபார்த்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். குருவம்மாளைக் கூப்பிட்டார்கள். குறைப் பிரதி ஒன்றை அவள் முன்னால் போட்டார்கள். அவள் அதைப் பார்த்தாள். உடனே என்னைக் கைகாட்டினாள். இரண்டு விரலால் மீசையை முறுக்கினாள். உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள். மறுபடி என்னைக் காட்டினாள், மறுபடி மீசை.

"என்னடா இவ? எம் மீசையவா நக்கல் பண்ணுதா?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். "வெயிலு, ஒனக்குத்தான் இவ பாஷை தெரியும். என்ன சொல்லுதா?"

டீச்சர், அந்த இடத்தில் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒற்றைக் கை. இந்தப் பட்டறையை விட்டால் எவன் வேலை கொடுப்பான்? அவளுக்குக் கை இரண்டும் நன்றாக இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் பிழைத்துக்கொள்வாள். நான் நல்லபடியாகத்தான் சொன்னேன். "தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க அண்ணாச்சின்னு சொல்லுதா" என்றேன். மன்னிப்புக் கேட்கிறாள் என்று மரியாதையாகத்தானே சொன்னேன். திட்டுகிறாள் என்றா சொன்னேன்?

அண்ணாச்சிக்கு மன்னிக்கிற பழக்கம் இல்லை. அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார். அவருடைய வாயசைவை வைத்து அவள் புரிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதற்குப் பிறகு எதுவும் காட்டவில்லை. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். நான் ஏதோ சைகை செய்தேன். கதவு வரைக்கும் அவள் கையை எடுக்கவே இல்லை.

இப்போதா? பட்டாசு செய்கிற இடத்தில் திரி வெட்டுகிறாள் என்று கேள்வி. ஆபத்துதான். எல்லோருக்கும்தான் ஆபத்து. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று கையைக் காட்டினேன். என்னை ஊமை என்று நினைத்தவள் மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். காதுதான் கேட்காது, கண்ணும் தெரியாதா? திமிர். பதினோரு வருஷமாக என் தூக்குவாளி மூடியைத் திறந்து கொடுத்தது அவள்தான். கேட்க வேண்டியதில்லை, மணி ஒன்றானால் வந்து திறந்துவைத்துவிட்டுப் போவாள். இப்போது யாரும் கிடையாது. முழங்காலுக்கு நடுவில் வைத்து முறுக்கிப் பாதிக் குழம்பு வேட்டியில். அந்த நஷ்டத்தையும் சுபத்ரா அம்மா பேரில்தான் எழுதுவேன். அவர் கையை ஒட்டாமல் இருந்திருந்தால் இதெல்லாம் எதற்கு?

சரி, அது போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் டீக்கடையில் பேப்பர் படிக்கிறேன். அந்த அம்மா படம். குழந்தைகள் புத்தகத்துக்குப் பரிசு. இன்றைக்கு மதுரை புத்தகத் திருவிழா மேடையில் கொடுக்கிறார்கள், அதற்குத்தானே நீங்களும் போகிறீர்கள்? பேட்டியில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "முதல் பதிப்பில் நிகழ்ந்த ஒரு பைண்டிங் பிழை எனக்குப் பாடம் கற்பித்தது. ஹால்வருக்குக் கை தேவையில்லை என்று குழந்தைகள் எனக்குச் சொன்னார்கள். இரண்டாம் பதிப்பில் அந்த முடிவையே வைத்துவிட்டேன்."

பிழையாம்! உங்கள் கையில் இருப்பது இரண்டாம் பதிப்பு. கதையின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். படியுங்கள், சத்தமாகவே படியுங்கள். "அவன் ஓநாயைப் பார்த்தான்." பார்த்தீர்களா? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தது யார்? அடுத்த பக்கம், நன்றி. "எதிர்பாராமல் நேர்ந்த அந்தப் பிழைக்கும்." பிழைக்கு நன்றி சொல்வார்கள், எனக்குச் சொல்ல மாட்டார்கள். முதல் பதிப்பில் சகோதரர் என்றாவது இருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

ஆமாம், நன்றி இருந்தது எட்டாம் பாரத்தில்தான். நான்தான் எடுத்தேன். அதனால் என்ன? முந்நூறில்தானே எடுத்தேன்.

எனக்கு அவரிடம் வேறு எதுவும் வேண்டாம். மேடையில் ஏறி அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது பிழை இல்லை, ஒருத்தன் யோசித்துச் செய்தது, இந்த முடிவு அவனுடையது என்று. அதற்குத்தான் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போகிறேன். நேரில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் கடிதமாகக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். என் இடது கை எழுத்து எனக்கே சில நாள் புரியாது. உங்களிடம் பேனா இருக்கிறது. ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் டீச்சர், திருமங்கலம் வருவதற்குள் முடிந்துவிடும்.

எழுதுங்கள். "சுபத்ரா வேதமூர்த்தி அம்மாவுக்கு. உங்கள் புத்தகத்தில் நடந்தது பிழை இல்லை. எட்டாம் பாரத்தை வேண்டுமென்றே எடுத்தவர் ஒருவர் இருக்கிறார்." எடுத்தவர் என்றே எழுதுங்கள், மரியாதையாக இருக்கட்டும். "நீங்கள் வாங்குகிற பரிசு அவருடைய யோசனைக்குக் கிடைத்தது. அதை நீங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்." கடமை நல்ல வார்த்தை.

பெயரா? பெயர் வேண்டாம். எப்படிப் போடுவது? அந்த அம்மா மேடையில் சொல்லிவிட்டால் நாளைக்குப் பேப்பரில் வரும், அண்ணாச்சி படிப்பார். "வேண்டாதவன் அல்ல, வேண்டியவன்" என்று ஏதாவது போட்டு முடித்துவிடுங்கள்.

என்ன? குருவம்மாளைப் பற்றி எழுத வேண்டுமா? எதற்கு? அது பட்டறை விஷயம். அந்த அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் மேல் தப்பில்லை என்று ஒரு வரி எழுதினால் தப்பு யார் மேல் என்று அடுத்த வரி எழுத வேண்டிவரும். நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியாதா?

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத்தான் தெரியுமே, அதை எழுதச் சொல்கிறீர்களா? நான்தான் அதைச் சொல்லிவிட்டேனே அண்ணாச்சியிடம்.

ஏன் டீச்சர் பேனாவை மூடுகிறீர்கள்?

இதோ பாருங்கள், நானும் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தானே செய்தேன். இரும்புப் பட்டை போட்ட அந்தப் பிள்ளை எழுதியதே, அது யாருக்கு எழுதிய கடிதம்? எனக்கு வரவேண்டியது. அதைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

சரி. நானே எழுதிக்கொள்ள வேண்டுமா? கொடுங்கள். பேனாவைக் கொடுங்கள், தாளையும். ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை எனக்கு. தாளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், நழுவுகிறது. வேண்டாம், நானே இந்த முழங்கையால் அமுக்கிக்கொள்கிறேன்.

"எட்டாம் பாரத்தை எடுத்தது..."

எழுத்து வந்துவிட்டது பாருங்கள். "எடுத்தது" வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு அடுத்து ஒரே ஒரு சொல்தான். பஸ் குலுங்குகிறது. இந்த ரோட்டில் எவன் எழுதுவான்? மாட்டுத்தாவணியில் நின்றதும் எழுதிவிடுகிறேன்.

என்ன பார்க்கிறீர்கள்? எழுதுவேன் என்றால் எழுதுவேன். அந்த அம்மா எனக்குத் தரவேண்டியதை வாங்காமல் ஊர் திரும்புகிற ஆள் இல்லை நான்.

நின்றுவிட்டதா? அதற்குள்ளா?

எல்லோரும் இறங்கட்டும். கூட்டத்தில் இடிபட முடியாது. நீங்கள் இறங்குங்கள் டீச்சர், உங்களுக்கு நேரமாகும், மேடை ஆரம்பித்துவிடுவார்கள். பேனாவை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள், ஒருத்தருக்கு நீங்கள் ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறீர்கள், அவர் அதை விடமாட்டார் என்று.

யார் என்று கேட்டால்...

கேட்டால் சொல்ல வேண்டாம்.